அறிவித்தவர் யார், ஆதாரம் எங்கே? – விக்கிப்பீடியாவின் வரலாறும் நமது பொறுப்பும்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு புராஜெக்ட் கொடுக்கப்பட்டால், இன்று பெரும்பாலான வீடுகளில் முதலில் திறக்கப்படுவது கைப்பேசியில் வரும் விக்கிப்பீடியாதான். இது குறித்துப் பெற்றோரிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. இணையக் கலைக்களஞ்சியம் என்ற பெயர் இருப்பதால் அதில் உள்ளவை யாவும் சரியாகவே இருக்கும் என்பது ஒன்று. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் அதைத் தொடவே கூடாது என்பது மற்றொன்று. இவ்விரு கருத்துகளும் அந்தக் கலைக்களஞ்சியம் எப்படி உருவானது, எப்படி இயங்குகிறது என்பதை ஆராயாமல் எழுந்தவை. செய்தியைக் கேட்டால் அது வந்த வழியை ஆராய வேண்டும் என்று கற்ற சமுதாயம் நாம். எனவே இதன் வரலாற்றையும் அந்தக் கண்ணோட்டத்துடன் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பலர் கூடி எழுதிய நூல்கள்

பலர் கூடி ஒரு பேரறிவுத் தொகுப்பை உருவாக்குவது இணையத்துடன் பிறந்த வழக்கமன்று. கி.பி. 10ஆம் நூற்றாண்டில் பஸரா நகரில் ‘இக்வானுஸ் ஸஃபா’ என்ற பெயரில் ஒரு குழுவினர் கணிதம், வானியல், இசை, தர்க்கம் எனப் பல துறைகளைத் தழுவிய ஐம்பதுக்கும் மேற்பட்ட நிருபங்களை எழுதினர். எழுதியவர்கள் தம் பெயர்களை மறைத்துக்கொண்டனர். அவர்கள் யார் என்ற விவாதம் இன்றளவும் தொடர்கிறது. அவர்களின் கொள்கைகளை நம் இமாம்கள் கடுமையாக விமர்சித்துள்ளனர் என்பது வேறு செய்தி. பெயர் மறைத்துக் கூட்டாக எழுதும் முயற்சி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தீதரோ என்பவரின் தலைமையில் பலர் சேர்ந்து 28 தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியத்தை 1751 முதல் 1772 வரை வெளியிட்டனர். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பணி இன்னும் வியப்பானது. அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மரே 1879இல் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். நூல்களைப் படித்து, ஒரு சொல் எந்த நூலில், எந்தப் பக்கத்தில், எந்தப் பொருளில் ஆளப்பட்டுள்ளது என்பதைச் சிறு சீட்டுகளில் எழுதி அனுப்புமாறு கேட்டார். ஊதியமின்றி ஆயிரக்கணக்கானோர் இலட்சக்கணக்கான சீட்டுகளை அனுப்பினர். மிக அதிகமாக உதவியவர்களுள் ஒருவர் கொலைக் குற்றத்தின்பேரில் பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த வில்லியம் மைனர் என்ற மருத்துவர். அவருடைய சீட்டுகள் ஏற்கப்பட்டதற்குக் காரணம், அவற்றில் நூலின் பெயரும் பக்கமும் இருந்தன. எவரும் எடுத்துச் சரிபார்க்க முடிந்தது. அந்த அகராதியின் முதற்பதிப்பு 1928இல் நிறைவுற்றது.

தமிழிலும் பெ. தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. துறை அறிஞர்கள் பலர் எழுதிய அந்நூல் இந்திய மொழிகளில் ஒரு முன்னோடி முயற்சி. ஆனால் இத்தகைய நூல்கள் அனைத்திலும் ஒரு பதிப்பாசிரியர் குழு இருந்தது. அவர்கள் பார்த்து ஒப்புதல் அளித்த பின்னரே அச்சேறியது.

நுபீடியா தோற்றதும் விக்கிப்பீடியா பிறந்ததும்

அமெரிக்காவில் ஜிம்மி வேல்ஸ் என்ற தொழில்முனைவர் 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் ‘நுபீடியா’ என்ற இலவச இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார். மெய்யியலில் ஆய்வு செய்த லாரி சாங்கர் அதன் பதிப்பாசிரியர். அறிஞர்களே எழுத வேண்டும். ஒவ்வொரு கட்டுரையும் ஏழு கட்டச் சோதனைகளைக் கடக்க வேண்டும் என்பது விதி. நோக்கம் உயர்ந்ததாயினும் நடை மிக மெதுவாக இருந்தது. 2003இல் அது மூடப்பட்டபோது எல்லாச் சோதனைகளையும் கடந்திருந்த கட்டுரைகள் 25 மட்டுமே.

இதற்கிடையில், 1995இல் வார்டு கன்னிங்காம் என்ற கணினி வல்லுநர் உருவாக்கிய ‘விக்கி’ என்ற முறை அவர்களின் கவனத்துக்கு வந்தது. படிப்பவரே பக்கத்தைத் திருத்தலாம் என்பது அம்முறை. ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு என்று பொருள். 2001 ஜனவரி 15 அன்று இம்முறையில் விக்கிப்பீடியா தொடங்கப்பட்டது. நுபீடியாவுக்குக் கரட்டு வரைவுகளைத் தரும் துணைத் தளமாகவே அது எண்ணப்பட்டது. ஆனால் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 20,000 கட்டுரைகள் குவிந்தன. 2006 மார்ச்சில் ஆங்கிலப் பதிப்பு பத்து இலட்சம் கட்டுரைகளைத் தொட்டது. 2003இல் நிறுவப்பட்ட விக்கிமீடியா அறக்கட்டளை கணினிகளையும் நிதியையும் பார்த்துக்கொள்கிறது. எழுதுவோர், திருத்துவோர், சண்டை தீர்ப்போர் அனைவரும் தன்னார்வலர்களே. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை.

இங்கு நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வாசலில் காவலர் இல்லாத வீட்டில் திருட்டு நடக்காமல் இருப்பது எவ்வாறு?

இரண்டு சம்பவங்கள், இரண்டு பாடங்கள்

திருட்டு நடக்கவே செய்தது. ஜான் சீகன்தாலர் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிய பக்கத்தில், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவர்மீது சந்தேகம் இருந்தது என்று 2005 மே மாதம் ஒருவர் விளையாட்டாக எழுதிவிட்டார். நான்கு மாதங்களுக்கும் மேலாக அந்த அவதூறு நீக்கப்படாமல் இருந்தது. சீகன்தாலர் இதனைப் பத்திரிகையில் எழுதிய பின்னர் உலகமே அறிந்தது. அதன் விளைவாகக் கணக்கின்றி வருவோர் ஆங்கிலப் பதிப்பில் புதிய கட்டுரை தொடங்குவது தடுக்கப்பட்டது. உயிருடன் இருப்பவர்களைப் பற்றி ஆதாரமற்ற பழியைக் கண்டால் உடனே நீக்க வேண்டும் என்ற தனி விதியும் வந்தது. ஒருவரின் மானம் எவ்வளவு கண்ணியமானது என்பதை நாம் அறிவோம். அதைப் பாதுகாக்கும் விதி ஓர் அப்பாவியின் மானம் சிதைந்த பின்னரே வந்தது என்பது வருந்தத்தக்கது.

இரண்டாவது சம்பவம் 2007இல் வெளிப்பட்டது. ‘எஸ்ஜே’ என்ற புனைபெயரில் இயங்கிய ஒரு மூத்த தொகுப்பாளர், தம்மைச் சமயவியலில் முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர் என்று கூறிவந்தார். சமயம் தொடர்பான விவாதங்களில் அந்தப் பட்டத்தைச் சொல்லியே வாதிட்டார். புகழ்பெற்ற வார இதழ் ஒன்றும் அதை நம்பி வெளியிட்டது. உண்மையில் அவர் 24 வயது இளைஞர். அவர் கூறிய பட்டங்கள் எதுவும் அவரிடம் இல்லை. அவர் பொறுப்புகளிலிருந்து விலகினார்.

முதல் சம்பவத்தில் பெயரற்றவர் பொய் எழுதினார். இரண்டாவதில் பொய்யான பெருமையோடு ஒருவர் அதிகாரம் செலுத்தினார். இதன் பின்னர் தொகுப்பாளர்களின் பட்டங்களைச் சரிபார்க்கலாமா என்ற யோசனை எழுந்தது. பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எழுதுபவர் யாராக இருந்தாலும், அவர் காட்டும் நூல் எது என்று மட்டும் பார்ப்போம் என்பதே அவர்களின் நிலைப்பாடாக நீடித்தது. வெளியான நம்பகமான நூல் அல்லது இதழில் இல்லாத எதையும், அது உண்மையாகவே இருந்தாலும், அங்கே எழுதுவதற்கில்லை. சொந்த ஆய்வுக்கு இடமில்லை. நடுநிலை தவறக் கூடாது. இம்மூன்றுமே அதன் அடிப்படை விதிகள்.

முஹத்திஸ்களின் வழியும் இதுவும்

இவ்விடத்தில் நம் மாணவர்கள் ஓர் ஒப்புமையைத் தாமே உணர்வர். முஸ்லிம்களிடையே குழப்பங்கள் தோன்றிய பின்னர்தான், ஹதீஸைக் கூறுவோரிடம் உங்கள் அறிவிப்பாளர்கள் யார் என்று கேட்கும் வழக்கம் கண்டிப்பாயிற்று என்று தாபிஈன்களில் ஒருவரான இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) குறிப்பிட்டார். இதனை இமாம் முஸ்லிம் (ரஹ்) தமது ஸஹீஹின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார். அங்கும் முதலில் நம்பிக்கை இருந்தது. பின்னர் பொய் நுழைந்தது. அதன் பிறகே விதிகள் உறுதிப்பட்டன. விக்கிப்பீடியாவின் இருபத்தைந்து ஆண்டு வரலாறும் இதே வரிசையில் நடந்துள்ளது.

ஆயினும் வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது. ஹதீஸ் கலையில் ராவியின் பெயர், பிறப்பு, இறப்பு, ஆசிரியர்கள், நினைவாற்றல், நேர்மை யாவும் ஆராயப்பட்டன. கதீப் அல்பக்தாதி (ரஹ்) பக்தாத் நகரின் வரலாற்று நூலில் மட்டும் 7,000க்கும் மேற்பட்டோரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்தார். இமாம் தஹபி (ரஹ்) குறை கூறப்பட்ட அறிவிப்பாளர்களுக்கெனவே ‘மீஸானுல் இஃதிதால்’ என்ற நூலை எழுதினார். பெயர் தெரியாத ராவியை ‘மஜ்ஹூல்’ என்று ஒதுக்கும் கலை அது. விக்கிப்பீடியாவோ மஜ்ஹூல்களின் கூட்டுப்பணி. அது எழுதுபவரை விசாரிப்பதில்லை. எடுத்தாளும் நூலை மட்டுமே விசாரிக்கிறது. ஆகவே அதன் தரம், காட்டப்பட்ட நூலின் தரத்தைத் தாண்ட முடியாது. பக்கத்தின் அடியில் எண்ணிட்ட மேற்கோள் இருந்தால் அதைத் திறந்து பார்க்கலாம். மேற்கோள் இல்லாத வரி, ஸனத் இல்லாத பேச்சே ஆகும்.

ஒரு நிகழ்ச்சி இதை நன்கு விளக்கும். 2009 மார்ச்சில் மோரிஸ் ஜார் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் இறந்தார். டப்ளின் நகர மாணவர் ஒருவர், பத்திரிகைகள் எவ்வளவு சரிபார்க்கின்றன என்று அறிய விரும்பி, அவர் சொன்னதாக ஒரு கற்பனை வாசகத்தை விக்கிப்பீடியாவில் சேர்த்தார். ஆதாரம் இல்லை என்று தன்னார்வத் தொகுப்பாளர்கள் அதை நீக்கினர். மாணவர் மீண்டும் சேர்த்தார்; மீண்டும் நீக்கினர். ஆனால் அந்தக் குறுகிய நேரத்துக்குள் பல நாடுகளின் பெரிய நாளிதழ்கள் அதை எடுத்துத் தம் இரங்கல் குறிப்புகளில் அச்சிட்டுவிட்டன. வாரங்கள் கழித்து அந்த மாணவரே எழுதித் தெரிவிக்கும் வரை எவரும் கண்டுகொள்ளவில்லை. ஊதியம் வாங்கும் செய்தியாளர்கள் கேட்காத கேள்வியை, ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் கேட்டனர்.

இதில் இன்னொரு ஆபத்தும் உள்ளது. அந்த வாசகம் அங்கே நீடித்து, பிற்பாடு ஒருவர் அந்த நாளிதழ்களையே அதற்கு ஆதாரமாகக் காட்டியிருந்தால் என்னவாகும்? பத்து நாளிதழ்கள் சாட்சி சொல்வது போலத் தோன்றும். ஆனால் பத்தும் ஒரே மாணவரிடம் போய் நிற்கும். ஓர் ஹதீஸ் பல வழிகளில் வந்தாலும் எல்லா வழிகளும் எந்த ஒரு ராவியில் சந்திக்கின்றன என்று முஹத்திஸ்கள் தேடியது இதனால்தான். அந்தச் சந்திப்பை ‘மதாருல் இஸ்னாத்’ என்பர். வாட்ஸ்அப்பில் பத்துக் குழுக்களில் வந்த செய்தி பத்துச் செய்திகள் ஆகாது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு சம்பவத்தைக் கொண்டே விளக்கிவிடலாம்.

அதன் நம்பகம் குறித்து அளவிட்டுப் பார்த்தோரும் உண்டு. 2005 டிசம்பரில் ‘நேச்சர்’ அறிவியல் இதழ், அறிவியல் கட்டுரைகள் 42ஐ எடுத்து, பிரிட்டானிக்காவுடன் ஒப்பிட்டு, வல்லுநர்களிடம் கொடுத்தது. ஒரு கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகளும் பிரிட்டானிக்காவில் மூன்று பிழைகளும் இருந்தன. பிரிட்டானிக்கா நிறுவனம் இந்த ஆய்வின் முறையைக் கடுமையாக மறுத்தது. எப்படியாயினும், பலரின் கண் படும் அறிவியல் தலைப்புகளில் தரம் உயர்ந்தும், சிலரே படிக்கும் தலைப்புகளில் பிழை நெடுநாள் கிடந்தும் வருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. நம் ஊர்களின் வரலாறு இந்த இரண்டாவது வகையில் அடங்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் உணர்வுகளும் அவர்களின் விதிகளும்

2008ஆம் ஆண்டு வாக்கில் ஒரு பெரும் சர்ச்சை எழுந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் பழைய கையெழுத்துப் பிரதிகளிலிருந்து எடுக்கப்பட்ட உருவப் படங்கள் இடம்பெற்றிருந்தன. அவற்றை நீக்கக் கோரிப் பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள் இணைய மனுவில் கையொப்பமிட்டனர். ஆங்கிலத் தொகுப்பாளர்கள் நீக்க மறுத்தனர். எந்தச் சமயத்தின் விதிக்கும் கலைக்களஞ்சியம் கட்டுப்படாது என்பது அவர்கள் வாதம். விரும்பாதவர்கள் தம் கணினியில் படங்களை மறைத்துக்கொள்ளும் வழிமுறையை மட்டும் வெளியிட்டனர். நபியவர்களின் பெயருடன் ஸலவாத்து எழுதப்படாததற்கும் அங்கே இதே காரணம் கூறப்படுகிறது.

இதில் நம் மனம் புண்படுவது இயல்பு. ஆயினும் அந்த வரலாற்றிலிருந்து ஓர் உண்மையை அறிய வேண்டும். அங்கே கையொப்பங்களின் எண்ணிக்கை எதையும் மாற்றவில்லை. உள்ளே வந்து, உரையாடல் பக்கத்தில் நிதானமாக, நூலாதாரத்துடன் பேசுவோரின் சொல்லுக்கே அங்கு எடை உண்டு. அரபு, பாரசீகம், உருது, துருக்கி, இந்தோனேசிய மொழிகளின் விக்கிப்பீடியாக்கள் முஸ்லிம் தன்னார்வலர்கள் பலரின் உழைப்பால் வளர்ந்தவை. 2008இல் விக்கிமீடியாவின் உலக மாநாடே எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்தில் நடைபெற்றது. கோபத்தில் திட்டிவிட்டு வெளியேறியவர் எழுதிய வரி அன்றே அழிந்தது. பொறுமையுடன் மேற்கோள் காட்டியவர் எழுதிய வரி இன்றும் இருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியாவும் நம் வரலாறும்

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியில் இணைந்த இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். ஐக்கிய அரபு அமீரகத்தில் பணிபுரிந்தவர். தொடக்க காலத்தில் ஏறத்தாழத் தனியாளாகவே அதன் இடைமுகத்தைத் தமிழாக்கி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தொடங்கினார். இலங்கை, தமிழகம், வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர், மேற்கு நாடுகள் எனப் பல இடங்களிலிருந்தும் தன்னார்வலர்கள் சேர்ந்தனர். 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழக அரசுடன் இணைந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. 2017 மே மாதத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைக் கடந்தது.

அங்கும் விவாதங்கள் உண்டு. கிரந்த எழுத்துகளை ஆள்வதா, தவிர்ப்பதா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. பிறருக்கு இது எழுத்துச் சிக்கல். நமக்கோ நம் பெயர்களே சம்பந்தப்பட்டது. ஹஜ், ஷரீஅத், ஸகாத் போன்ற சொற்களும், ஷாஹுல் ஹமீது போன்ற பெயர்களும் எப்படி எழுதப்பட வேண்டும் என்று பேச, அவற்றை நாள்தோறும் ஆள்பவர்கள் அங்கே இருக்க வேண்டாமா?

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் வரலாற்றில் பெரும்பகுதி முதியோரின் நினைவிலும், குடும்பப் பெட்டிகளிலும், அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளிலும், பள்ளிவாசல் கல்வெட்டுகளிலும் உள்ளது. அச்சில் வந்த ஆதாரம் இல்லாததைக் கலைக்களஞ்சியம் ஏற்பதில்லை. ஆகவே நம் பிள்ளை ஒருவர் ஆர்வத்துடன் தன் ஊர்ப் பெரியவரைப் பற்றி எழுதினால், ஆதாரம் இல்லை என்று அது நீக்கப்படும். நீக்கியவர் நம்மீது பகை கொண்டவர் என்று எண்ணத் தேவையில்லை. நாம் ஆதாரத்தை அச்சில் ஏற்றி வைக்கவில்லை என்பதே காரணம்.

முன்னோர் இதில் பின்தங்கியிருக்கவில்லை. சித்திலெப்பை அவர்கள் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி அக்காலச் செய்திகளைப் பதிவு செய்தார். பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்கள் பி.மு. அஜ்மல்கானுடன் இணைந்து ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’ நூலைப் பல தொகுதிகளாக எழுதினார். தொண்டியைச் சேர்ந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்கள் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தமிழில் தொகுத்தார். இன்று ஓர் இளைஞர் சீறாப்புராணத்தைப் பற்றி ஒரு வரி எழுதி மேற்கோள் காட்ட முடிகிறது என்றால், அது இத்தகையோர் செய்து வைத்த உழைப்பின் பயன்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, பிள்ளைகளுக்குப் படிக்கும் முறையைக் கற்றுக்கொடுப்போம். கட்டுரையின் அடியிலுள்ள மேற்கோள்களைப் பார்க்கச் சொல்வோம். ‘வரலாறு’ என்ற பகுதியில் யார் எப்போது எதை மாற்றினார் என்பதும், ‘உரையாடல்’ என்ற பகுதியில் எதில் கருத்து வேறுபாடு உள்ளது என்பதும் தெரியும். இவ்விரண்டையும் திறந்து பார்க்கும் பிள்ளை எளிதில் ஏமாறாது.

இரண்டாவதாக, மார்க்கச் சட்டங்களை அங்கிருந்து எடுக்க வேண்டாம். தொழுகை, ஸகாத், தலாக், பாகப்பிரிவினை போன்றவற்றில் நம் மத்ஹபின் கிதாபுகளைக் கற்ற ஆலிமிடம் கேட்பதே முறை. கலைக்களஞ்சியம் ஒரு தலைப்பை அறிமுகம் செய்யும். பதிலளிக்கும் பொறுப்பை ஏற்காது.

மூன்றாவதாக, ஒவ்வொரு மஹல்லாவிலும் உள்ள பழைய ஆண்டு மலர்கள், மதரஸா அறிக்கைகள், இலக்கிய மாநாட்டு மலர்கள், கல்வெட்டுகள் ஆகியவற்றைத் தேடி எடுத்து, தேதியுடன் படமெடுத்துப் பாதுகாப்போம். முதியோரின் நினைவுகளைக் கேட்டு, சரிபார்த்து, சிறு நூலாகவேனும் அச்சிடுவோம். தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்களை விக்கிமூலத்துக்கு வழங்கியது போல, உரிமையாளரின் இசைவு பெற்று நம் பழைய நூல்களையும் வழங்கலாம்.

நான்காவதாக, எழுத விரும்பும் இளைஞர் புகழுரையாக எழுத வேண்டாம். தம் ஊரையோ இயக்கத்தையோ உயர்த்தும் ஆசையில் எழுதியது நிலைக்காது. எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்துவதிலிருந்தும், விடுபட்ட மேற்கோள் ஒன்றைச் சேர்ப்பதிலிருந்தும் தொடங்கலாம். அங்கே கட்டுரையின் தலைப்பில் எழுதியவர் பெயர் போடப்படுவதில்லை. அறிந்ததை மறைக்காமல் பகிர்வதும், பாராட்டை எதிர்பாராமல் உழைப்பதும் நமக்குப் புதிய பாடங்கள் அல்லவே.

இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து நம் பேரப்பிள்ளைகள் தம் ஊரின் பெயரைத் தேடுவர். அப்போது அவர்கள் படிக்கப்போவது, இன்று ஆதாரத்துடன் எழுதி வைக்கப்பட்டதை மட்டுமே. பயன் தரும் கல்வியையும், அதைச் சரிபார்க்கும் பொறுமையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.